அறுபத்தொன்பது மாத்திரைகள்

செவ்வாய்க்கிழமை
மருத்துவமனை, மூன்றாம் மாடி வராந்தா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் நாங்களும் நலம் என்று எழுத வேண்டும். அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

பயப்படாமல் படி. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அப்பாவின் இடது முன்கையில் பதினோரு தையல். எனக்கு நெற்றியில் ஒரு புடைப்பு, மேலுதடு கிழிந்திருக்கிறது. மாமாவின் கட்டைவிரலில் பல் பதிந்த காயம். அது என் பல். அம்மாவுக்கு வெளியே தெரிகிற காயம் அதிகம் இல்லை. அவளைத்தான் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுது, உன் கருத்தைக் கடைசியில் எழுது என்று நீ சொல்லியிருக்கிறாய். அப்படியே எழுதுகிறேன்.

நேற்று அரைநாள் பள்ளி. மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். மெஷினில் துணியும் இல்லை, நூலும் இல்லை. ஊசி மட்டும் மேலும் கீழும் போய் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "உன்ன யாரு அனுப்புனா?" என்று கேட்டாள். நான்தான் அம்மா என்றேன். அம்மா சிரித்தாள். "எம் பொண்ணு கொரல அப்படியே வெச்சிருக்க. நல்லாத்தான் பழகிக்கிட்டு வந்திருக்க" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். பையைக் கழற்றினேன். அதற்குள் என் பின்னலைப் பிடித்து நிலைக்கதவில் என் தலையை மோதினாள். இரண்டு முறை. மூன்றாவது முறைக்கு அப்பா வந்துவிட்டார். லேத் பட்டறையில் மாலை ஷிப்ட் என்பதால் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா என்னை விட்டுவிட்டுத் துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்தாள். அப்பா கையை நீட்டி, "குடு, அத எங்கிட்ட குடு" என்று குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார். நீட்டிய கையிலேயே வெட்டிவிட்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடு.

மேசையில் யாருடைய பிள்ளைக்கோ வெட்டி வைத்திருந்த வெள்ளைச் சீருடைத் துணி இருந்தது. ரத்தம் அதன்மேல் சொட்டியது. அம்மா குனிந்து பார்த்து, "பாத்தியா, இவனுக்கும் உள்ள செவப்புத்தான்" என்றாள். பிறகு அப்பாவின் போனைச் சுவரில் அடித்தாள். இஸ்திரிப் பெட்டியால் கண்ணாடியை உடைத்தாள். அப்பா அந்தத் துணியையே கையில் சுற்றிக்கொண்டு, "நீ கீழ போ, கதவ வெளியில தாழ் போட்டுட்டுப் போ" என்று என்னிடம் சொன்னார். நான் போகவில்லை. தைரியத்தால் அல்ல, என் கால் நகரவில்லை.

சத்தம் கேட்டு மாமா தன் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் அம்மாவின் கன்னத்தில் இரண்டு அறை. பலகை முறிவதுபோலச் சத்தம். கீழே தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தி, இரண்டு கைகளையும் லைனிங் துணியால் மெஷினின் இரும்புக் காலில் கட்டினார். "அக்கான்னு பாத்தா வேலைக்காகாது. அடிச்சாத்தான் அடங்கும். எங்கப்பன் எங்கள அடிச்சுத்தான் வளத்தான், நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று மூச்சு வாங்கக் கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். அம்மாவின் முகம் தரையில் கண்ணாடித் துண்டுகளின் நடுவே இருந்தது. அப்போதுதான் நான் அவர் கையைக் கடித்தேன். உதறியதில் மெஷினின் பக்கம் போய் விழுந்தேன், உதடு கிழிந்தது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "புருஷன் கையையே வெட்டிட்டாளாம்" என்று ஒரு குரல். "ரெண்டு மாசமாவே அவ மூஞ்சியே சரியில்ல, உப்பிப்போய்க் கெடந்துச்சே" என்று இன்னொரு குரல். ஒருவராவது உள்ளே வரவில்லை.

மாமாவின் வண்டியில், இரும்புக் குழாய்களின் நடுவே வைத்து, இங்கே கொண்டுவந்தோம்.

இப்போது இரண்டு டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஒருவர் வழக்கமாக அம்மாவின் லூபஸைப் பார்க்கிற மூட்டு டாக்டரம்மா. இன்னொருவர் மனநல டாக்டர். அம்மாவுக்குப் புத்தி கலங்கியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாமாம். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்கிற அந்த லூபஸ் நோயே மூளைக்குள் ஏறியிருக்கலாம். அல்லது லூபஸுக்காகக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையே செய்திருக்கலாம், அதிக அளவில் சாப்பிட்டால் சிலருக்கு அப்படி ஆகுமாம். நோய் என்றால் ஸ்டீராய்டைப் பல மடங்கு கூட்ட வேண்டும். மாத்திரை என்றால் குறைக்க வேண்டும். ஒன்றுக்குச் செய்வது மற்றதற்கு விஷம்.

அதனால் நான் எழுதிவந்த மாத்திரை நோட்டைக் கேட்டார்கள். அந்த நோட்டு உனக்கும் தெரியும். உங்கள் ஆய்வுக்காக மாதாமாதம் அம்மாவின் ரத்தம் எடுத்த குழாயோடு அதன் நகலும் ஐஸ் பெட்டியில் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறதே, அதேதான். நீ வீட்டை விட்டுப் போனபிறகு பெட்டிமேல் ஒட்டிய முகவரியைப் பார்த்துத்தானே உனக்கு முதல் கடிதம் போட்டேன். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்பு மையில் தேதி, நீல மையில் மாத்திரை, ஒரு நாளைக்கு நான்கு டிக். "நாலு பத்து நாப்பது மில்லிகிராம், ஒன்றரை மாசமா ஒரு நாள்கூட விடல. இப்படி நோட்டுப் போடுற வீட்ட நான் பாத்ததில்ல" என்று என் தோளைத் தட்டினார். மனநல டாக்டர், "அப்ப மாத்திரதான்" என்றார். இருபதாகக் குறைத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வியாழன் வருமாம்.

மாமா ஊருக்கு வெளியே ஒரு விடுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். அங்கே இப்படிப்பட்டவர்களைப் பூட்டி வைப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் டாக்டர்கள் ஒரு வழி சொல்லாவிட்டால் வண்டியில் ஏற்றிவிடுவேன் என்கிறார்.

ஒரு சந்தேகம். உயிரியல் பாடத்துக்காகத்தான் கேட்கிறேன். நாற்பது சாப்பிட வேண்டிய ஒருவர் பத்துதான் சாப்பிட்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இருபது கொடுத்தால் அது அவருக்குக் கூட்டியதுதானே? அப்படியென்றால் பழையதை யாரிடமும் சொல்லாமல் விட்டாலும் பாதகம் இல்லைதானே? கூரியரில் பதில் போடு. பாடத்துக்காகத்தான்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை,
புத்தகப் புழு


வெள்ளிக்கிழமை
அதே வராந்தா, மாலை நான்கு மணி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. இந்தக் கடிதத்தை முடித்ததும் டாக்டரம்மாவின் அறைக்குப் போகப்போகிறேன். அங்கே சொல்ல வேண்டியதை முதலில் உனக்கு எழுதிப் பார்க்கிறேன்.

புதன்கிழமை காலையில் அம்மாவுக்கு வலிப்பு வந்தது. கட்டில் தரையோடு சேர்ந்து அதிர்ந்தது. கட்டியிருந்த பட்டையில் மணிக்கட்டுத் தோல் உரிந்துவிட்டது. பல் கடித்து நாக்கின் ஓரம் வெட்டுப்பட்டுத் தலையணை முழுவதும் ரத்தம். நர்ஸ் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைப்பதற்குள் வயிற்றில் ஓர் உதை வாங்கினார். அவர் திட்டவே இல்லை. "உதைக்கிறது இவங்க இல்லம்மா, வியாதி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி ஊசி போட்டார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றே அப்பாவும் மாமாவும் அடித்துக்கொண்டார்கள். மாமா, "எங்கக்காவ நீதான்யா என்னமோ பண்ணி இப்படி ஆக்கிட்ட" என்றார். அப்பா, "உங்க வீட்டு ரத்தம்யா இது, உனக்கு மட்டும் என்ன கொறச்சலா இருக்கு?" என்றார். மாமா அப்பாவின் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினார். அப்பா நல்ல கையால் மாமாவின் மூக்கில் குத்தினார். அப்பா யாரையும் அடித்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு காவலாளிகள் வந்து பிரித்தார்கள். பிறகு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள்.

நேற்று முடிவு வந்தது. சி-3 முப்பத்தெட்டு, குறைந்தது தொண்ணூறாவது இருக்க வேண்டும். சி-4 வெறும் நான்கு. டி.என்.ஏ.வை எதிர்க்கிற ஆன்டிபாடி, கருவி காட்டுகிற கடைசி எல்லையையும் தாண்டிவிட்டது. சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ்.

இதன் அர்த்தம் எனக்குத் தெரியும். நீ எழுதி அனுப்பிய நான்கு பக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். எல்லோருடைய உடம்பிலும் தினமும் கோடிக்கணக்கில் செல்கள் சாகின்றன. அந்தக் குப்பையை அள்ளுகிற செல்கள் உண்டு. அம்மாவின் உடம்பில் அள்ளுவது தாமதமாகிறது. செத்த செல்லுக்குள் இருந்த டி.என்.ஏ. நூல் தெருவில் கிடக்கிறது. காவல் செல்கள் அதைப் பார்த்து, கிருமி நுழைந்துவிட்டது என்று சங்கு ஊதுகின்றன. அந்தச் சங்குக்குப் பெயர் இன்டர்ஃபெரான். அம்மாவுக்கு அது நிற்பதே இல்லை. ஆன்டிபாடிகள் கூட்டமாக வந்து அந்த நூலைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகச் சல்லடையில் போய் அடைகின்றன. சி-3, சி-4 என்கிற புரதங்கள் வெடிமருந்து மாதிரி. அடைந்த இடத்திலெல்லாம் கொட்டி வெடிக்கின்றன. வெடிக்க வெடிக்க ரத்தத்தில் இருப்பு குறைகிறது. ஆகவே அந்த எண் குறைந்திருந்தால் உள்ளே சண்டை நடக்கிறது என்று பொருள். மாமாவும் அப்பாவும் போட்டது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த சண்டை. அம்மா பல வருடமாகத் தனக்குள்ளேயே அடி வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

எண்ணைப் பார்த்ததும் டாக்டரம்மா, இது நோய்தான் என்றார். மனநல டாக்டர், "நாப்பது சாப்புட்டும் நோய் இவ்ளோ வெறி புடிச்சு ஆடுமா? ரெண்டும் சேந்து இருந்தா? நீங்க கூட்டப்போய் இன்னும் மோசமானா?" என்று கேட்டார். டாக்டரம்மா மறுபடியும் என் நோட்டைத்தான் எடுத்தார். "நாப்பது கேக்கலன்னா இவங்களுக்கு ஸ்டீராய்டே கேக்கலன்னு அர்த்தம். கூட்டியும் பிரயோஜனம் இருக்காது. வேற கடுமையான மருந்துக்குப் போகணும், அதத் தாங்குவாங்களா தெரியல" என்றார். இன்று காலை முழுவதும் ஒன்றும் முடிவாகவில்லை. என் நோட்டு மேசையின் நடுவே திறந்தபடி கிடக்கிறது.

அந்த நோட்டு பொய், அக்கா.

நாற்பதாகக் கூட்டிய ஐந்தாம் நாள் அம்மா என்னை அறைந்தாள். தண்ணீர் சிந்தியதற்கு. முகம் நிலா மாதிரி உருண்டு, தூக்கம் போய், எதற்கெடுத்தாலும் கத்தல். துணி தைக்கக் கொடுக்க வந்த பெண் ஒருத்தி, "என்ன டெய்லரம்மா, உங்களுக்கே புது அளவு எடுக்கணும் போலிருக்கே" என்று சிரித்துவிட்டுப் போனாள். அன்று அம்மா கண்ணாடிமேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். நான் மாத்திரை அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற மெல்லிய தாளை எடுத்து விரித்தேன். அகராதி வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். கோபம், தூக்கமின்மை, மனக்கலக்கம், எல்லாம் அதில் இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வகுப்பில் எனக்குத்தான் முதல் மதிப்பெண் அல்லவா.

பதினோராம் நாளிலிருந்து தினமும் ஒன்றை எடுத்துவிட்டேன். ஏன் மூன்றுதான் இருக்கு என்று அம்மா கேட்டாள். டாக்டர் குறைத்துவிட்டார் என்றேன். "படிக்கிற புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். முதல் வாரம் அம்மா அமைதியானாள். முகம்கூட வற்றியது மாதிரி இருந்தது. என் சோதனை ஜெயித்துவிட்டது என்று குதித்தேன். இரண்டு வாரம் கழித்து இரண்டை எடுத்தேன். இன்னும் இரண்டு வாரம் கழித்து மூன்றை. நடுவில் அம்மாவுக்குக் கை மூட்டு வீங்கியது, வாயில் புண் வந்தது, சுவரைப் பார்த்துப் பேசினாள். மாத்திரையின் விஷம் வெளியேறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் மட்டும் தவறாமல் நான்கு டிக் போட்டேன். நகல் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும், நீ பார்ப்பாய், திட்டுவாய் என்று பயம். முழுவதும் குணமானபிறகு உன்னிடம் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்றும் இருந்தேன்.

பதினான்கு நாள் ஒவ்வொன்று, பதினான்கு நாள் இரண்டிரண்டு, ஒன்பது நாள் மும்மூன்று. அறுபத்தொன்பது மாத்திரைகள். ஒன்றையும் எறியவில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. இப்போது என் மடியில் இருக்கிறது.

உங்கள் ஆய்வில் அம்மாவின் எண் 417. அந்த எண்ணின் கடைசி முப்பத்தேழு நாள் கணக்கை அடித்துவிடச் சொல். ஐந்நூறு பேரின் கணக்கில் என் பொய் கலந்திருக்கக் கூடாது.

டாக்டரம்மாவின் அறைக் கதவு திறந்திருக்கிறது. போகிறேன். எனக்காக வேண்டிக்கொள். இல்லை, அம்மாவுக்காக வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை


திங்கட்கிழமை, மூன்றாவது வாரம்
பெண்கள் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் அந்த முதல் வாரச் சனிக்கிழமையே கிடைத்தது. மூன்றே வரி. "பாடத்துக்காக என்று எழுதியிருக்கிறாய், பொய். எத்தனை குறைத்தாய்? இந்த நிமிடமே டாக்டரிடம் போய்ச் சொல்." எத்தனை முறை படித்தேனோ தெரியாது. நீ திட்டியது எனக்குப் பிடித்திருந்தது. கடிதம் வந்தபோது சொல்லி முடித்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். அறையில் இரண்டு டாக்டர்களும் அப்பாவும் மாமாவும் இருந்தார்கள். நான் பாக்ஸைத் திறந்து மேசையில் கவிழ்த்தேன். மாத்திரைகள் நோட்டின்மேல் உருண்டன. உனக்கு எழுதியதை அப்படியே பார்த்து வாசித்தேன். அதற்காகத்தான் அன்றைக்கு அதைக் கூரியரில் போடாமல் கையில் வைத்திருந்தேன்.

முதலில் மாமா எழுந்தார். எழுந்தது தெரிந்தது, அடி விழுந்தது தெரியவில்லை. ஸ்டூலோடு கீழே கிடந்தேன். காதில் நீளமாக ஒரு விசில். "பெத்தவளையே கொல்லப் பாத்தியேடி, பாவி!" என்றார். டாக்டரம்மா மேசையை அறைந்து, "இன்னொரு தடவ கை ஓங்குனீங்க, போலீஸக் கூப்புடுவேன். வெளிய போங்க!" என்று கத்தினார். மாமா கதவருகே போய்ச் சட்டென்று தரையில் உட்கார்ந்து, மெஷின் காலில் அம்மாவைக் கட்டிய அந்தக் கையைப் பார்த்தபடி ஏங்கி ஏங்கி அழுதார். அப்பா என்னை அடிக்கவில்லை. சுவரின் பக்கம் திரும்பி நின்று, தையல் போட்ட கையைச் சுவரில் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு தையல் பிரிந்து கட்டு சிவந்தது. அக்கா, மாமாவின் அடி எனக்குச் சுகமாகக்கூட இருந்தது. அப்பா அடித்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா என்னைத் தூக்கி உட்கார வைத்தார். திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எந்தத் தேதியிலிருந்து, ஒவ்வொரு கட்டமும் எத்தனை நாள், மற்ற மாத்திரைகளைத் தொட்டாயா என்று மூன்று கேள்வி கேட்டார். தொடவில்லை என்றேன். ஸ்கேலால் மாத்திரைகளைத் தள்ளித் தள்ளி எண்ணினார். அறுபத்தொன்பது. மனநல டாக்டரைப் பார்த்து, "அப்ப நாப்பது கேக்காம இல்ல. நாப்பது போகவே இல்ல" என்றார். அவர் தலையாட்டினார். பிறகு இருவரும் மிக வேகமாக நடந்து போனார்கள். ஓடினார்கள் என்றே சொல்லலாம்.

அன்று மாலையே ஆயிரம் மில்லிகிராம் ஸ்டீராய்டை டிரிப்ஸில் ஏற்றினார்கள். மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வண்டி வரவில்லை. அவர் மட்டும் நடந்து வந்து, வாசலில் நின்று, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் அம்மா என்னைப் பார்த்து, "என்னடி ஒதட்டுல?" என்று கேட்டாள். விழுந்துவிட்டேன் என்றேன். கட்டிலில் கட்டியிருந்த பட்டையை நர்ஸ் அவிழ்த்தார். அம்மாவுக்கு ஒன்றுமே நினைவில்லை. அப்பாவின் கட்டைப் பார்த்து, "லேத்துல வெட்டிக்கிட்டீங்களா? கண்ண எங்க வெச்சுக்கிட்டு வேல பாக்குறீங்க?" என்று கோபித்துக்கொண்டாள். அப்பா, "அவசரத்துல பட்டுருச்சு, விடு" என்றார். மாமாவின் விரலைப் பார்த்து அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். மாமா என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "தெருவுல ஒரு நாய்க்குட்டி கடிச்சிருச்சுக்கா" என்றார். அம்மா, "ஊசி போட்டியாடா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இன்றைய முடிவில் சி-3 ஐம்பத்தெட்டு. சிறுநீரில் புரதம் இன்னும் போகிறது. சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். முழுவதும் பழையபடி திரும்புமா என்று கேட்டேன். டாக்டரம்மா, "தெரியாது" என்றார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஆன்டிபாடி ரத்தத்தில் வந்துவிடும் என்று நீ எழுதியிருந்தாய். அப்படியென்றால், நீ வேலைக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டிய அன்று மர அளவுகோலால் உன் புருவத்தைக் கிழித்தது யார்? அம்மாவா, அதுவா? அதற்கு முன்பும் அம்மா நம்மை அடித்திருக்கிறாள், அதுவும் எனக்கு நினைவிருக்கிறது. எந்த அடியிலிருந்து எதைக் கழிப்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

உன் கடிதத்தில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிட்டது. நடந்தால் நர்ஸின் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். நேற்று, "பெரியவ சாப்டாளா?" என்று கேட்டாள். நீ பக்கத்து அறையில் இருப்பதுபோலக் கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன்.

நான் செய்ததை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். உடம்பு தேறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. ஏனென்றால் இங்கே தினமும் ஒன்று நடக்கிறது.

டிரிப்ஸ் முடிந்து இப்போது மாத்திரை, தினம் ஆறு. நர்ஸ் கொண்டுவந்தால் அம்மா வாயை இறுக மூடிக்கொள்கிறாள். விஷம் என்கிறாள். அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. அப்பா கொடுத்தாலும் வேண்டாம். என் கையிலிருந்து மட்டும் வாங்கிக்கொள்கிறாள். அதனால் என்னைக் கொடுக்கச் சொல்கிறார்கள், நர்ஸ் பக்கத்தில் நின்று எண்ணுகிறார். இன்று காலை ஆறையும் உள்ளங்கையில் வைத்து நீட்டி, "எண்ணிப் பாரும்மா" என்றேன். அம்மா பார்க்கவே இல்லை. கண்ணை மூடி வாயைத் திறந்தாள். "நீ எண்ணிட்டியில்ல, அது போதும்" என்றாள்.

அக்கா, ஒரே ஒரு நாள் வா. அம்மாவோடு பேச வேண்டாம். பேச முடியாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பி நில். ஒரு நாள் காலை மாத்திரையை மட்டும் உன் கையால் கொடுத்துப் பார், வாங்கிக்கொள்வாள் என்று நினைக்கிறேன். காலை மாத்திரை எட்டு மணிக்கு. வார்டுக் கதவை ஏழரைக்கே திறந்துவிடுவார்கள்.

உன்னை எதிர்பார்த்து,
உன் தங்கை